வளைந்த ஒளியின் வரலாறு: கொடைக்கானல் முதல் ஏபெல் 370 வரை

2019-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ம் நாள் காலை ஒன்பதரை மணியையொட்டி, புதுக்கோட்டை மாவட்டத்தின் மீது ஒரு நெருப்பு வளையம் நின்றது. கேரளத்தின் வடகோடியில் நிலத்தைத் தொட்ட கங்கண கிரகணப் பாதை, கோவை, ஈரோடு, திண்டுக்கல், திருச்சி வட்டாரங்களைக் கடந்து எங்கள் மாவட்டத்தின் வழியே சென்று, கடல் தாண்டி யாழ்ப்பாணத்தை அடைந்தது. பாதையின் நடுக்கோட்டை ஒட்டிய ஊர்களில் ஏறத்தாழ மூன்று நிமிடம் அந்த வளையம் முழுமையாகத் தெரிந்தது.

எங்கள் தெருவில் பல வீடுகள் கதவைச் சாத்தியிருந்தன. கோயில் நடை அடைத்திருந்தது. திறந்த வெளியில் கூடியவர்கள் நாற்பது ஐம்பது பேர் இருக்கலாம். பாதிக்கு மேல் பள்ளிப் பிள்ளைகள். கறுப்புத் தகடு ஒட்டிய அட்டைக் கண்ணாடிகளைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்போது ஒரு மாணவி கேட்டாள்: "சார், சூரியனுக்குப் பக்கத்துல இருக்கிற நட்சத்திரமெல்லாம் இப்பத் தெரியுமா?"

தெரியாது என்றோம். வளையமாக எஞ்சும் சூரியன்கூட வானத்தைப் பகலாகவே வைத்திருக்கும். முழுக் கிரகணமாக இருந்தால் மட்டுமே விண்மீன்கள் தெரியும். "தெரிஞ்சா என்ன சார் பண்ணுவாங்க?" என்றாள். அளப்பார்கள் என்றோம். "எதுக்கு?" என்ற அடுத்த கேள்விக்கு எங்களிடம் அரைகுறையான விடையே இருந்தது. ஐன்ஸ்டைன் பெயரைச் சொல்லித் தப்பித்தோம். அவளுக்கு அன்று சொல்லியிருக்க வேண்டிய விடையைத் தேடிப் படித்ததன் விளைவே இக்கட்டுரை. தேடத் தொடங்கிய பிறகுதான், அந்த விடையின் சில பக்கங்கள் நம் பக்கத்து மலையிலும் நம் மொழி பேசும் வீடுகளிலும் எழுதப்பட்டவை என்பது எங்களுக்குத் தெரிந்தது.

நாணயத்தின் அகலம்

ஒளிக்கு எடை உண்டா, பாரமான பொருள் அதைத் தன்பால் இழுக்குமா என்ற ஐயம் ஐன்ஸ்டைனோடு தொடங்கியதன்று. 1704-ல் வெளியான தம் ஒளியியல் நூலின் இறுதியில் நியூட்டன் வரிசையாகச் சில கேள்விகளை வைத்தார்; பொருள்கள் தொலைவிலிருந்தே ஒளியின் மீது செயற்பட்டு அதை வளைக்கின்றனவா என்பதுதான் அவற்றுள் முதலாவது. ஒரு நூற்றாண்டு கழித்து யோகான் சோல்ட்னர் என்ற ஜெர்மானியர், நியூட்டனின் ஈர்ப்பு விதியை வைத்தே சூரியனின் விளிம்பை உரசிவரும் ஒளி எவ்வளவு வளையும் எனக் கணக்கிட்டார். 0.84 விகலை என்று வந்தது. ஒரு பாகையை 3,600 கூறுகளாக்கினால் ஒரு கூறுதான் விகலை. இவ்வளவு நுண்ணிய கோணத்தை அன்று யாராலும் அளக்க முடியாது. ஆகவே கணக்கு தாளிலேயே தங்கிவிட்டது.

1911-ல் ஐன்ஸ்டைனும் ஏறத்தாழ இதே அளவைச் சொன்னார். ஆனால் 1915-ல் பொதுச் சார்பியல் கோட்பாடு முழுமை பெற்றபோது, பொருளின் இருப்பால் வெளியே வளைகிறது என்ற புதிய பார்வையில் விடை இரட்டிப்பாயிற்று: 1.75 விகலை. ஒரு ரூபாய் நாணயத்தை இரண்டரை கிலோமீட்டருக்குச் சற்று அப்பால் நிறுத்திப் பார்த்தால் அதன் அகலம் எவ்வளவு தெரியுமோ, அவ்வளவு. நியூட்டனா ஐன்ஸ்டைனா என்ற வழக்கு இந்த நாணய அகலத்துக்கும் அதன் பாதிக்கும் இடையில் தீர வேண்டியிருந்தது.

1914-ல் கிரைமியாவுக்குச் சென்ற ஜெர்மானியக் குழுவை உலகப் போர் முடக்கியது. 1919 மே 29-ம் நாள் வந்த முழுக் கிரகணத்துக்கு ஆங்கிலேயர் இரு குழுக்களை அனுப்பினர். எடிங்டன் ஆப்பிரிக்கக் கரையோரத் தீவான பிரின்சிபேக்கும், மற்றொரு குழு பிரேசிலின் சோப்ராலுக்கும் சென்றன. நம் கணக்கில் அது வைகாசி மாதம். சூரியன் ரிஷபத்தில், ரோகிணி விண்மீனை அடுத்துத் தெரியும் ஹையடிஸ் கொத்தின் முன் நின்றது. பின்னணியில் இத்தனை ஒளிமிக்க விண்மீன்கள் ஒருங்கே அமைவது அரிது. பிரின்சிபேயில் மேகம், தேறிய தகடுகள் மிகச் சில. சோப்ராலில் பெரிய கருவியின் படங்கள் மங்கிப்போயின. துணைக்கு எடுத்துச் சென்ற நான்கு அங்குல வில்லைதான் நல்ல படங்களைத் தந்தது. அது 1.98 விகலை என்றது, பிரின்சிபே 1.61 என்றது. நவம்பர் 6-ம் நாள் லண்டனில் முடிவு அறிவிக்கப்பட்டது. மறுநாளிலிருந்து ஐன்ஸ்டைன் உலகப் புகழ் பெற்றார். அடுத்த ஆண்டே கல்கத்தாவில் மேகநாத் சாகாவும் சத்தியேந்திரநாத் போஸும் சார்பியல் கட்டுரைகளை ஜெர்மன் மொழியிலிருந்து ஆங்கிலமாக்கி வெளியிட்டனர். செய்தி நம் நாட்டுக்குத் தாமதமாக வரவில்லை என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

இதில் ஒரு சிறு துணுக்கு. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துக் கேம்பிரிட்ஜ் சென்ற சந்திரசேகர், போர்க்காலத்திலும் இத்தகைய பயணத்தைத் திட்டமிட்டமைக்காக எடிங்டனை ஒருமுறை வியந்து பாராட்டினாராம். எடிங்டனோ அப்பெருமையை ஏற்கவில்லை. தம்மிடம் விட்டிருந்தால் பயணமே போயிருக்க மாட்டேன், கோட்பாடு சரி என்பதில் தமக்கு ஐயமே இருந்ததில்லை என்ற பொருள்படச் சொன்னாராம். சந்திரசேகர் பதிவு செய்த இந்த நினைவு எங்களை வெகுநேரம் யோசிக்க வைத்தது. முன்பே நம்பியவர் அளக்கப் போனார், அளந்ததும் நம்பியபடியே வந்தது என்றால், அளவையின் மதிப்பு என்ன? வேறொருவர் வேறோர் இடத்தில் மீண்டும் அளப்பதில்தான் அந்த மதிப்பு இருக்கிறது. அந்த வேறொருவர்களில் ஒருவர் கொடைக்கானலிலிருந்து புறப்பட்டார்.

கொடைக்கானலிலிருந்து வாலல்

சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792-ல் அமைந்த வானாய்வுக்கூடத்தின் வாரிசாக, 1899-ல் கொடைக்கானல் ஆய்வுக்கூடம் நிறுவப்பட்டது. 1907-ல் ஜான் எவர்ஷெட் அங்கு வந்தார். இரண்டே ஆண்டுகளில், 1909 ஜனவரியில், சூரியப் புள்ளிகளில் வாயு மையத்திலிருந்து வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டறிந்தார். எவர்ஷெட் விளைவு என்று அது இன்றும் பாடநூல்களில் வழங்குகிறது. 1911 முதல் 1923 வரை அவரே இயக்குநர்.

அவருடன் வந்த மனைவி மேரி எவர்ஷெட் தம்மளவில் ஒரு வானியலாளர். இலக்கிய வாசகர்களாகிய நமக்கு இன்னும் நெருக்கமானவர். தாந்தேயின் காவியத்தில் வரும் வானியலை ஆராய்ந்து அவர் எழுதிய 'தாந்தேயும் பண்டைய வானியலாளரும்' என்ற நூல் 1913-ல், அவர் கொடைக்கானலில் வாழ்ந்த காலத்தில் வெளிவந்தது. நரகமும் சொர்க்கமும் எந்தக் கோளத்தில் எங்கே அமைகின்றன என்று இத்தாலியக் கவி கண்ட அண்டத்தைப் பழனி மலைத்தொடரின் உச்சியிலிருந்து ஒருவர் அளந்துகொண்டிருந்தார் என்பது எங்களுக்குப் புதிய செய்தி. அந்த மலைக்குப் பலமுறை சுற்றுலா சென்று ஏரியில் படகு விட்டுத் திரும்பியவர்கள் நாங்கள்.

ஐன்ஸ்டைனின் கோட்பாட்டுக்கு இன்னொரு சோதனையும் உண்டு. சூரியனின் ஈர்ப்பிலிருந்து வெளியேறும் ஒளி சிறிது சிவப்பின் பக்கம் நகர வேண்டும். எவர்ஷெட் பல ஆண்டுகள் இந்த நகர்வை அளந்தார். நகர்வு இருந்தது, ஆனால் கோட்பாடு சொன்னபடி இல்லை. சூரிய வட்டின் நடுவில் ஓர் அளவும் விளிம்பில் வேறோர் அளவும் வந்தன. 1918-ல் தம் அளவீடுகள் ஐன்ஸ்டைனுக்குச் சாதகமாக இல்லை என்றே அவர் கருதினார். சூரியனின் மறுபக்கத்து ஒளியை வெள்ளிக் கோளின் மீது பட்டுத் திரும்பும் ஒளியின் வழியே சோதிக்கவும் முயன்றார். 1920-களின் தொடக்கத்தில்தான், ஐன்ஸ்டைன் விளைவும் அதனோடு வேறு விளைவுகளும் கலந்திருக்கின்றன என்ற முடிவுக்கு வந்தார். எடிங்டனுக்கு இருந்த உறுதி அவருக்கு இல்லை. தகடு சொன்னதை மட்டும் எழுதினார்; தகடு வேறு சொன்னபோது தம் கருத்தை மாற்றினார்.

1922 செப்டம்பர் 21-ம் நாள் முழுக் கிரகணம், ஆஸ்திரேலியாவின் வடமேற்குக் கடற்கரையில் வாலல் என்ற இடத்தில் ஐந்து நிமிடங்களுக்கு மேல் தெரியவிருந்தது. அமெரிக்காவின் லிக் ஆய்வுக்கூடமும் கனடாவின் டொராண்டோவும் அங்கே குழுக்களை அனுப்பின. இந்தியாவிலிருந்து எவர்ஷெட் தம்பதியர் கருவிகளுடன் சென்றனர். எவர்ஷெட்டின் கருவி இயக்கத்தில் கோளாறு ஏற்பட்டது. விண்மீன்களின் இடத்தை அளக்கத்தக்க படம் ஒன்றும் தேறவில்லை. வானம் தெளிவாக இருந்தும் கொடைக்கானல் வெறுங்கையுடன் திரும்பியது. அருகில் நின்ற லிக் குழுவின் கேம்பெல், ட்ரம்ப்ளர் இருவரின் தகடுகளோ 1.72 விகலை என்ற விடையைத் தந்தன. 1919-ன் முடிவில் எஞ்சியிருந்த ஐயத்தைப் பெருமளவு தீர்த்தது இந்த அளவீடுதான்.

அதே 1922-ல் எங்கள் புதுக்கோட்டை சமஸ்தானத்துக்கும் ஆஸ்திரேலியாவோடு ஒரு தொடர்பு பேசப்பட்டுக்கொண்டிருந்தது. மெல்போர்னைச் சேர்ந்த மாலி ஃபிங்கை 1915-ல் மணந்த மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான், அந்த மணத்தை ஆங்கில அரசு முழுமையாக ஏற்காத நிலையில், ஆட்சியை விட்டு விலகினார்; 1922-ல் அவர் சகோதரர் பொறுப்பாட்சியை ஏற்றார். ஊரே அந்தக் கதையைப் பேசிற்று, இன்றும் பேசுகிறது. அதே ஆண்டு, பக்கத்து மலையிலிருந்து ஒருவர் ஒளியின் வளைவை அளக்க அதே ஆஸ்திரேலியாவுக்குப் போய்த் தோற்றுத் திரும்பிய கதை எங்கள் ஊர்ப் பேச்சில் இடம்பெற்றதாகத் தெரியவில்லை. வெற்றி பெற்றவரின் பெயர் நிற்பது இயல்பு. ஆனால் ஒரு சோதனை நம்பத்தக்கதாவது தோற்றவர்களும் தோற்றேன் என்று பதிவு செய்வதால்தான்.

டம்ளரின் அடிப்பகுதி

சூரியன் ஒளியை வளைக்கிறது என்றால், அது ஒரு வில்லையும் ஆகலாம். ருடி மாண்டல் என்ற பொறியாளர் வற்புறுத்தியதன் பேரில், 1936-ல் ஐன்ஸ்டைன் இதைப் பற்றி ஒரு சிறு குறிப்பை வெளியிட்டார். ஒரு விண்மீனுக்கு நேர் பின்னால் இன்னொரு விண்மீன் அமைந்தால் பின்னது வளையமாகத் தெரியும். ஆனால் அதைக் காணும் வாய்ப்பு அனேகமாக இல்லை என்பது அவர் முடிவு. மறு ஆண்டே ஃபிரிட்ஸ் ஸ்விக்கி மறுத்தார். தனி விண்மீனை விடுங்கள், கோடானுகோடி விண்மீன்கள் சேர்ந்த மண்டலங்களை, அதாவது கேலக்ஸிகளை, வில்லையாகப் பாருங்கள். அப்போது இது காணக்கூடியதே என்றார். இதே ஸ்விக்கிதான் 1933-ல் கோமா மண்டலக் கொத்தை ஆராய்ந்து, கண்ணுக்குத் தெரியும் நிறை அந்தக் கொத்தைக் கட்டிவைக்கப் போதாது, தெரியாத நிறை ஏராளமாக இருக்க வேண்டும் என்றவர். இரண்டு கூற்றுகளையும் அன்றைய உலகம் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஈர்ப்பு வில்லை எப்படிச் செயற்படுகிறது என்பதை வீட்டிலேயே பார்க்கலாம். அடி தடித்த கண்ணாடி டம்ளர் ஒன்றை அச்சடித்த தாளின் மேல் வைத்து மேலிருந்து பாருங்கள். டம்ளரைச் சற்றே நகர்த்தினால் ஓர் எழுத்து இரண்டாகும். இன்னும் நகர்த்தினால் வில்லாக நீளும். சரியான இடத்தில் வளையமாகச் சுற்றிக்கொள்ளும். எழுத்து மாறவில்லை, அதிலிருந்து நம் கண்ணுக்கு வரும் வழிதான் பலவாயிற்று. விண்வெளியில் கண்ணாடியின் வேலையைச் செய்வது நிறை. கண்ணாடியின் தடிப்பு தெரியாவிட்டாலும் எழுத்து சிதைந்த விதத்தைக் கொண்டு அதைக் கணக்கிட முடியும். அதைப்போல, பின்னணி மண்டலம் சிதைந்த விதத்தைக் கொண்டு முன்னால் இருக்கும் நிறையை எடைபோட முடியும். அந்த நிறை ஒளிர வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை.

1979-ல், ஐன்ஸ்டைனும் ஸ்விக்கியும் மறைந்த பிறகு, முதல் வில்லை அகப்பட்டது. ஆறு விகலை இடைவெளியில் இரட்டையர் போல் நின்ற இரு குவாசார்களின் நிறமாலைகளை வால்ஷ், கார்ஸ்வெல், வேமன் மூவரும் ஒப்பிட்டார்கள். இரண்டும் ஒரே குவாசாரின் இரு தோற்றங்கள். இடையே நின்ற மண்டலமும் அதைச் சூழ்ந்த கொத்தும் ஒளியை இரண்டாகப் பிரித்திருந்தன.

இந்தச் செய்தி இந்திய ஆய்வாளர்களிடையே ஒரு சுறுசுறுப்பை உண்டாக்கியது. மும்பை டாடா ஆராய்ச்சி நிறுவனத்தில் சித்ரே, நரசிம்மா, கந்தசாமி சுப்பிரமணியன் ஆகியோர் வில்லைக் கணக்குகளில் இறங்கினர். கோட்பாட்டின்படி தெரிய வேண்டிய ஒற்றைப்படைத் தோற்றம் ஏன் காணாமற்போகிறது என்ற புதிரைப் பற்றி 1986-ல் எழுதினர். 1988-ல் பிரமேஷ் ராவும் ரவி சுப்பிரமணியனும் ஒரு ரேடியோ மூலத்தில் ஒரு விகலை இடைவெளியில் இரட்டைத் தோற்றத்தைக் கண்டனர். வானில் மிக ஒளிமிக்க ரேடியோ வளையங்களுள் ஒன்றாகப் பின்னர் அது அறியப்பட்டது.

வில்லா, வேறொன்றா?

1985-ல் ஹவாய்த் தீவின் தொலைநோக்கி ஒன்றால் பிரெஞ்சு வானியலாளர்கள் ஏபெல் 370 என்ற மண்டலக் கொத்தைப் படமெடுத்தனர். கொத்தின் நடுவருகே ஏறத்தாழ 20 விகலை நீளத்துக்கு ஒரு நீல வில். 1987-ன் தொடக்கத்தில் பிரெஞ்சுக் குழுவும், தனித்து அதையே கண்ட அமெரிக்கர்களான லிண்ட்ஸ், பெட்ரோசியன் இருவரும் செய்தியை வெளியிட்டனர். என்ன அது? அதிர்ச்சி அலையில் புதிதாய்ப் பிறக்கும் விண்மீன்களின் சரமா? ஏதோ பழைய வெடிப்பின் ஒளி எதிரொலியா? போலந்தின் பச்சின்ஸ்கி, இது பின்னணி மண்டலம் ஒன்றின் இழுபட்ட உருவம், கொத்தே வில்லையாக நிற்கிறது என்றார்.

இந்த விவாதத்தில்தான் ரமேஷ் நாராயணின் பெயர் வருகிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பட்டம் பெற்றவர். கொலாஜனின் மும்முறுக்கு வடிவைச் சென்னையில் கண்டறிந்த ஜி. என். ராமச்சந்திரனின் மகன். பெங்களூர் ராமன் ஆய்வு நிலையத்தில் பணியாற்றிப் பின் அமெரிக்கா சென்றார். 1984-லேயே பிளாண்ட்ஃபோர்டு, ராஜாராம் நித்யானந்தா ஆகியோருடன் சேர்ந்து, மண்டலங்களும் கொத்துகளும் குவாசார்களைப் பல தோற்றங்களாக்கும் விதத்தை ஆராய்ந்திருந்தார். 1988-ல் கிராஸ்மனுடன் இணைந்து வெளியிட்ட ஆய்வில், மாதிரிக் கொத்துகளை வில்லையாக்கிப் பின்னணி மண்டலங்களை அவற்றின் ஊடே நோக்கினால் இத்தகைய விற்கள் இயல்பாகவே தோன்றும் என்று காட்டினார். எக்ஸ்-கதிர்ச் சிதறலைக் கொண்டு மூலக்கூறின் வடிவைக் கண்டவர் தந்தை. ஒளிச்சிதைவைக் கொண்டு கொத்தின் நிறையைக் கண்டவர்களுள் ஒருவர் மகன். இதைத் தற்செயல் என்று கொள்வதே முறை. எனினும் சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை.

தீர்ப்பை நிறமாலை வழங்கியது. கொத்தின் செம்பெயர்ச்சி 0.37, வில்லின் செம்பெயர்ச்சி 0.724 என 1988-ல் வெளியாயிற்று. வில் கொத்தைச் சேர்ந்ததே அன்று. அதற்கு வெகு தொலைவு பின்னால் இருப்பது. ஸ்விக்கி 51 ஆண்டுகளுக்கு முன் சொன்னதைவிடப் பெரிய வில்லை கிடைத்துவிட்டது.

இருளை எடைபோடுதல்

விற்கள் கிடைத்தபின் வேலை எடைபோடுவதாயிற்று. கொத்துகளில் நாம் காணும் விண்மீன்கள் மொத்த நிறையில் சில விழுக்காடே. இடையே பரவிய வெப்ப வாயுவைச் சேர்த்தாலும் ஆறில் ஒரு பங்கு அளவில்தான் நிற்கும். எஞ்சியதெல்லாம் ஒளிராத கரும்பொருள். 1933-ல் ஸ்விக்கி ஊகித்ததை இப்போது வரைபடமாகவே வரையலாம்.

அவ்வரைபடங்களை வரைவோரில் முன்னணியில் நிற்பவர் கோயம்புத்தூரில் பிறந்த பிரியம்வதா நடராஜன். டெல்லியில் வளர்ந்து, கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்று, யேல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருக்கிறார். அறிவியலின் வரலாற்றையும் தத்துவத்தையும் முறையாகக் கற்றவர். வானத்தை வரைந்த வரலாற்றைப் பொதுவாசகருக்காக 2016-ல் நூலாக எழுதினார். கொத்து முழுவதற்குமான ஒரு பெருவில்லைக்குள், தனி மண்டலங்கள் ஒவ்வொன்றும் சிறுவில்லைகளாக இருப்பதைக் கணக்கில் கொண்டு கரும்பொருளின் நுண்திரட்டுகளை அளப்பது அவர் வளர்த்தெடுத்த முறை.

இம்முறை எல்லாவற்றையும் சுமுகமாக உறுதிப்படுத்தியது என்றால் இக்கட்டுரை இங்கே முடிந்திருக்கும். 2020-ல் மெனகெட்டியும் நடராஜனும் பிறரும் வெளியிட்ட ஆய்வு ஒரு முரணைச் சொன்னது. கொத்துகளுக்குள் இருக்கும் சிறுவில்லைகளின் வலிமை, கணினி மாதிரிகள் எதிர்பார்ப்பதைவிடப் பத்து மடங்குக்கும் மேல். மாதிரிகளில் பிழையா, கரும்பொருளைப் பற்றிய நம் எண்ணத்தில் பிழையா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. கரும்பொருளை வரைந்து புகழ்பெற்ற ஒருவரே அவ்வரைபடம் கோட்பாட்டோடு ஒட்டவில்லை என்று கையெழுத்திடுகிறார். கொடைக்கானலில் எவர்ஷெட் செய்ததும் இதுவே என்று எங்களுக்குத் தோன்றியது.

2023-ல் இன்னொரு பயன். ஏபெல் 2744 என்ற கொத்தின் பின்னால், ஏறத்தாழ 1,320 கோடி ஆண்டுகள் பயணம் செய்து வந்த ஒளி. அனுப்பியது யூஎச்இஸட்1 என்ற சிறு மண்டலம். அதன் நடுவே பெருங்கருந்துளை. கொத்து அதன் ஒளியை நான்கு மடங்கு பெருக்காதிருந்தால் ஜேம்ஸ் வெப், சந்திரா தொலைநோக்கிகளுக்கும் அது எட்டியிராது. வாயு மேகங்கள் நேரடியாகவே சரிந்து பெருங்கருந்துளைகளாக முடியும் என்று நடராஜன் சில ஆண்டுகளுக்கு முன்பே முன்வைத்த கருத்துக்கு இது வலுச்சேர்த்தது.

திரும்பி வந்த ஒளி

எங்களை மிகவும் கவர்ந்தது 2014-ல் நிகழ்ந்தது. வேறொரு கொத்தின் பின்னால் ஒரு விண்மீன் வெடித்து, நான்கு தோற்றங்களாகத் தெரிந்தது. வில்லைகளின் வழியே ஒளி வெவ்வேறு நேரத்தில் வந்துசேரும் என்பதை 1964-லேயே ஆராய்ந்த நார்வேக்காரர் ரெஃப்ஸ்டால். அவர் பெயரையே அதற்கு இட்டனர். கொத்தின் நிறையைக் கணக்கிட்டவர்கள், இதே வெடிப்பின் இன்னொரு தோற்றம் நீண்ட வழியே வந்துகொண்டிருக்கிறது, ஓராண்டையொட்டி இந்த இடத்தில் தெரியும் என்று முன்கூட்டியே எழுதிவைத்தனர். 2015 டிசம்பர் 11-ம் நாள் ஹபிள் அங்கே நோக்கியபோது அது வந்திருந்தது. பல நூறு கோடி ஆண்டுகளுக்கு முன் முடிந்துபோன ஒரு சாவு, சொன்ன இடத்தில், ஏறத்தாழச் சொன்ன காலத்தில் மீண்டும் காட்சியளித்தது. ரெஃப்ஸ்டால் 2009-லேயே காலமாகிவிட்டார்.

ஏபெல் 370-ன் அந்தப் பழைய வில்லும் ஓய்ந்துவிடவில்லை. டிராகன் என்று செல்லப்பெயர் பெற்ற அதற்குள் 44 தனி விண்மீன்களைப் பிரித்துக் கண்டதாக 2025-ல் அறிவித்தார்கள். 650 கோடி ஆண்டுப் பயண தூரத்தில் தனித்தனி விண்மீன்கள்! விண்மீன் வில்லையைக் காணவே முடியாது என்று ஐன்ஸ்டைன் நினைத்திருந்தார். கொத்து என்ற பெருவில்லையின் ஊடே, தனி விண்மீன்களே சிறுவில்லைகளாக அமைந்து இக்காட்சிக்கு உதவின.

அந்த மாணவிக்கு இப்போது நாங்கள் சொல்லக்கூடிய விடை இதுதான். விண்மீன்கள் தெரிந்தால், அவை இருக்க வேண்டிய இடத்துக்கும் தெரியும் இடத்துக்கும் உள்ள வேறுபாட்டை அளப்பார்கள். அந்த நாணய அகல வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டுதான் மனிதர்கள் நூறு ஆண்டுகளில் அண்டத்தின் தெரியாத பெரும்பங்கை எடைபோடக் கற்றார்கள். அதில் கொடைக்கானலும் சென்னையும் கோயம்புத்தூரும் இருக்கின்றன. தோற்றுப்போன தகடுகளும் இருக்கின்றன.

இதை அன்று சொல்ல முடியாமற்போனதற்கு அறிவியல் கடினம் என்பது காரணமன்று. 1990-களின் தொடக்கத்தில் இதே மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. எழுத்தறியாத பல்லாயிரம் பெண்கள் எழுதப் படித்ததோடு சைக்கிளும் ஓட்டக் கற்றார்கள். கற்றுத்தர ஆள் இருந்தால் கற்க ஆள் உண்டு என்பதற்கு எங்கள் ஊரைவிடச் சான்று வேண்டியதில்லை. குறை எங்களைப் போன்ற வாசிப்பவர்களிடம். தாந்தேயைப் படித்தோம், தாந்தேயின் வானத்தை ஆராய்ந்தவர் கொடைக்கானலில் இருந்ததை அறியோம். மன்னரின் காதலை அறிவோம். வாலல் பயணத்தை அறியோம். கதவைச் சாத்திக்கொண்டிருந்த வீடுகளை அன்று நாங்கள் ஏளனமாகப் பார்த்தோம். திறந்த வெளியில் நின்றும் ஒரு சிறுமிக்கு விடை சொல்ல முடியாதவர்கள் ஏளனம் செய்யத் தகுதியுடையவர்களா என்று இப்போது கேட்டுக்கொள்கிறோம்.

2031 மே 21-ம் நாள் இன்னொரு கங்கண கிரகணம் வருகிறது. இம்முறை பாதை மதுரை, காரைக்குடி, வேதாரண்யம் வழியே செல்கிறது. எங்களுக்கு அது அடுத்த ஊர்தான். அன்றும் விண்மீன்கள் தெரியாது. அந்த மாணவி அப்போது கல்லூரியை முடித்திருப்பாள். அவள் வருவாளா என்று தெரியாது. வேறு யாரேனும் ஒரு பிள்ளை அதே கேள்வியைக் கேட்கும்.